சனிக்கிழமை அன்னாசி

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் அந்தக் காலனியில், புருஷன்மாரைக் குத்திக்காட்ட வேண்டுமென்றால் பெண்கள் சுந்தர்சிங்கைத்தான் உதாரணம் சொல்வார்கள். "மாடி வீட்டு சாரைப் பாருங்க, பொண்டாட்டிக்குப் பழம் வாங்கிட்டு வர்ற அழகை" என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, போதாத மாதமென்றால் இரண்டு சனிக்கிழமை, அவன் ஸ்கூட்டரின் முன்கொக்கியில் கொண்டை வைத்த அன்னாசி ஒன்று தொங்கிக்கொண்டு வரும். சில நாள் துணைக்கு ஒரு பப்பாளியும் வரும். பழம் வருவதைத் தெருவே பார்த்தது. எதற்கு வருகிறது என்பது மாடியில் இருந்த இரண்டு பேருக்கும், கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரி கிளியம்மாளுக்கும் மட்டும் தெரியும்.

சுந்தர்சிங் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப். கத்திரி வெயிலிலும் டை கட்டிக்கொண்டு, தோல்பையைத் தூக்கிக்கொண்டு, பம்மலிலிருந்து வண்டலூர் வரைக்கும் டாக்டர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடக்கிற உத்தியோகம். அவன் கம்பெனியில் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை உண்டு. பல் பிடுங்கினால், எலும்பு முறிந்தால், அடிபட்டால் கொடுப்பது. அன்னாசியின் நடுத்தண்டில் இருக்கிற சத்தை எடுத்துச் செய்த மாத்திரை. அதைப் பற்றி டாக்டர்களிடம் ஒப்பித்து ஒப்பித்து அவனுக்குத் தூக்கத்தில்கூட அந்தப் பாடம் வரும். சாம்பிள் மாத்திரைகளை அவன் தாம்பரத்து மருந்துக் கடைகளில் விற்றுவிடுவான். பெண்டாட்டிக்குப் பழமே போதும் என்பது அவன் கணக்கு.

சனிக்கிழமை மதியம் கம்பெனி மீட்டிங்கில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவான். வந்து ஞானஜோதியை அடிப்பான். அடித்து முடித்ததும் கையைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு, ஸ்கூட்டரை உதைத்துப் போய்ப் பழம் வாங்கி வருவான். அவனே தோல் சீவுவான். மற்ற வீடுகளில் தூக்கி எறிகிற அந்த நடுத்தண்டை மட்டும் தனியே எடுத்து, விரல் விரலாக நறுக்கித் தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்துவான்.

"இதைத் தின்னு ஜோதி. இதுலதான் எல்லாமே இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள இறங்கிடும்."

ஞானஜோதி அங்கேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். திங்கட்கிழமை காலையில் ஒரு கூட்டம் குழந்தைகளும் ஒரு தலைமையாசிரியையும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் தின்பாள். தண்டு நார்நாராக இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டால் சத்து போய்விடும் என்று அதற்கும் விடமாட்டான். நாக்கு அரித்து, ஓரங்களில் ரத்தம் கசியும். திங்கட்கிழமைக்குள் முகம் இறங்கியும்விடும். பழத்தால் இறங்கியதோ, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்ததால் இறங்கியதோ, கர்த்தருக்கே வெளிச்சம். சுந்தர்சிங் மட்டும் அந்தப் பெருமையை அன்னாசிக்கே கொடுப்பான். முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "பாத்தியா, வீக்கமே சுத்தமா இல்ல" என்பான். தான் கீறிய சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்த திருப்தி அவன் முகத்தில் இருக்கும்.

ஞானஜோதி வாயை மூடிக்கொண்டு பட்டவள் இல்லை. நாகர்கோவிலில் இருந்த அண்ணனிடம் சொன்னாள். "எல்லா வீட்டிலயும் உள்ளதுதான், அனுசரிச்சுப் போ" என்றான். சர்ச்சில் போதகர் ஏசுபாதத்திடம் சொன்னாள். அவர் கண்ணை மூடி நெடுநேரம் ஜெபம் பண்ணிவிட்டு, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அனுப்பிவைத்தார். கிளியம்மாளிடம் சொல்லவே தேவை இருக்கவில்லை. மாடியில் தடதடவென்று சத்தம் கேட்டால் கிளியம்மாள் கீழே ரேடியோவில் விவித பாரதியைச் சத்தமாக வைத்துவிடுவாள். நல்லவள்தான். தண்ணீர் வராத நாளில் தன் குடத்தைத் தூக்கிக் கொடுப்பவள். ஆனால் புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூன்றாம் மனுஷி காது கொடுக்கக் கூடாது என்று யாரோ அவளுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் ஞானஜோதிக்கு ஒரு குழந்தை உண்டாகி, மூன்றாம் மாதத்தில் போனது. சுந்தர்சிங் உதைத்ததில் கட்டில் கால் இடுப்பில் மோதி, அன்று சாயங்காலமே போய்விட்டது. நர்சிங் ஹோமுக்குக் காலனிப் பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"பப்பாளி கிப்பாளி தின்னியா?"

இல்லை என்றாள். அன்னாசி தின்றாயா, எள்ளுருண்டை தின்றாயா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அவர்கள் போன பிறகு கிளியம்மாள் மட்டும் இருந்தாள். ஞானஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் உதைச்சார் அக்கா" என்றாள்.

கிளியம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அதை வெளிய சொல்லாதே, உனக்குத்தான் அசிங்கம். சூட்டுப் பழம் ஏதாச்சும் உள்ள போச்சா, அதைச் சொல்லு" என்றாள். ஞானஜோதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் மறுபடி உண்டானாள். இந்த முறை நான்கு மாதம் நல்லபடியாகப் போயிற்று. சுந்தர்சிங் கை ஓங்கவில்லை. காலனி முழுக்கத் தெரிந்துபோய், அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆளாளுக்கு நிறுத்தி விசாரித்தார்கள். கேம்ப் ரோடு திருப்பத்தில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் கங்கம்மா, ஒரு சாத்துக்குடியை எடுத்து அவள் பைக்குள் போட்டாள்.

"டீச்சரம்மா, புள்ள பொறக்குற வரைக்கும் அன்னாசி வாடையே உன் வூட்டாண்ட வரக்கூடாது, ஆமா. உன் வூட்டுக்காரர் பாசத்துல வாங்கியாந்தாலும் தொடாத."

ஞானஜோதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்னாசி வராவிட்டால் அடியும் வரவில்லை என்று அர்த்தம். வயிற்றில் இருப்பதைக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை. இரவில் அவன் குறட்டை விட ஆரம்பித்த பிறகுதான் அவள் கண்ணை மூடுவாள்.

ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை. மீட்டிங்கில் மேனேஜர் சுந்தர்சிங்கை எழுந்து நிற்கச் சொல்லி, அவனைவிட இளைய ரெப்கள் முன்னால் நன்றாகக் கழுவி ஊற்றியிருந்தான். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தான். ஞானஜோதி சாதம் போட்டு ரசம் ஊற்றினாள். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"எதுக்கு மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"

"சாதாரணமாத்தான் இருக்கேன்."

"என்னைப் பாத்தா உனக்கும் இளக்காரமா இருக்குதா?"

தட்டு பறந்தது. ரசம் சுவரில் வழிந்தது. கன்னத்தில் விழுந்த முதல் அறையில் அவள் அலமாரியோடு போய் மோதினாள். அடுத்து எதெது எங்கெங்கே வரும் என்று அவளுக்கு மனப்பாடம். அறைக்குப் பிறகு குத்து, குத்துக்குப் பிறகு கால். கால் வந்தால் வயிறு போகும். அவள் மூலையில் சறுக்கி உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். கீழ்க்கதவைப் பூட்டிவிட்டு மேல்ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி, முகத்தை மட்டும் நிமிர்த்தி அவனுக்குக் கொடுத்தாள். கையெட்டும் தூரத்தில் முகம் இருந்தால் காலைத் தூக்கமாட்டான் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அந்தக் கணக்கு பலித்தது. அவன் முகத்திலேயே அடித்தான். விரல் மோதிரம் புருவத்தைக் கிழித்தது. உதடு பல்லில் குத்தி இரண்டாகப் பிளந்தது. இடது கண் மூடிக்கொண்டே வந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் இடித்தபோது மூக்கிலிருந்து ரத்தம் நெஞ்சில் இறங்கியது. அவள் கையை மட்டும் எடுக்கவில்லை. "அடிங்க, இங்கயே அடிங்க" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே விவித பாரதி சத்தமாகப் பாடியது.

களைத்துப்போய் நிறுத்தினான். மூச்சு வாங்க அவளைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு ஞாபகம் வந்தது மறுநாள் சாயங்காலம். அவர்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். போதகரும் சபை விசுவாசிகளும் மாடி நிறைய வந்து உட்காரப் போகிறார்கள். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் காய்ச்சல் என்று சொல்லவும் முடியாது. பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் ஜெபமே.

கையைக் கழுவினான். தலையை வாரினான். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

கங்கம்மாவின் வண்டியருகே நடந்தது ஞானஜோதிக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆனாலும் அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சுந்தர்சிங் வண்டியை நிறுத்தி, இருப்பதிலேயே பெரிய அன்னாசியைக் காட்டினான். கங்கம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருக்கு சார் அன்னாசி?"

"வீட்டுக்குத்தான்."

"டீச்சரம்மா முழுவாம கீறாங்க. அவுங்க கீற வூட்டுக்கு நான் அன்னாசி தரமாட்டேன்."

"அதெல்லாம் மூடநம்பிக்கை. ஒரு பழத்தால ஒண்ணும் ஆகாது. படிச்சவன் சொல்றேன். இது வீக்கத்துக்கு நல்லது."

"யாருக்கு சார் வீக்கம்?"

பொழுது விடிந்தால் டாக்டர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் கிக்கரை உதைத்தான். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு அன்னாசி வாங்கினான். பைக்குள் வைத்திருக்கலாம். புத்தி இருந்தால் வேறு வழியாகவும் வந்திருக்கலாம். பழகிய கை ஒன்றைக் கொக்கியில் மாட்டியது, பழகிய வண்டி அதே கேம்ப் ரோடு வழியாக வந்தது. வழியெல்லாம் "நல்ல புருஷன்" என்று பேர் வாங்கிக் கொடுத்த பழத்தை ஒளித்து வைக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

கங்கம்மா அதைப் பார்த்தாள். பக்கத்துப் பூக்காரியிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

மாடியில் ஞானஜோதி அதே மூலையில் இருந்தாள். அவன் ஒரு பழத்தைச் சீவி, தண்டை நறுக்கித் தட்டை நீட்டினான்.

"தின்னு. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இறங்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு அன்னாசியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா அவளிடமே சொல்லியிருந்தாள். ஞானஜோதிக்கு அதில் பாதி நம்பிக்கை, பாதி பயம். ஆனால் வாயைத் திறக்காததற்கு அது காரணம் இல்லை. இந்த முகத்தை இந்த முறை இறக்கப் போவதில்லை என்று அவளுக்குள் ஏதோ பிடிவாதம் விழுந்துவிட்டது. இறங்கினால் அடுத்த சனிக்கிழமை வரும். அடுத்த சனிக்கிழமை அவன் காலைத் தூக்கலாம்.

"எனக்கு வேண்டாம். எல்லாரும் வந்து பாக்கட்டும்."

ஒரு நொடி அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் தாடையை ஒரு கையால் நெரித்துப் பிடித்தான். மூக்கை அழுத்தினான். மூச்சுக்கு வாய் திறந்தபோது துண்டுகளைத் திணித்தான். பிளந்த உதட்டில் சாறு பட்டு நெருப்பாக எரிந்தது. அவள் துப்பினாள். மறுபடி திணித்து, உள்ளங்கையால் வாயைப் பொத்தி, தலையைச் சுவரோடு அழுத்தினான். சாறும் ரத்தமும் கழுத்தில் வழிந்தன. அவள் அப்போதும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

கீழே விவித பாரதி சட்டென்று நின்றது. ஐந்து வருஷமாக அந்தச் சத்தம் நடுவில் நின்றதில்லை. படிக்கட்டில் பல கால்கள் ஏறி வந்தன. தாழ் போடாத கதவு சுவரில் மோதித் திறந்தது. முன்னால் கங்கம்மா, பின்னால் கிளியம்மாள், எதிர்வீட்டுச் செல்லம்மா, அவளுக்குப் பின்னால் முகம் தெரியாத மூன்று நான்கு பேர்.

கிளியம்மாளின் பார்வை ஞானஜோதியின் மூடிய கண்ணைத் தாண்டியது. கிழிந்த புருவத்தைத் தாண்டியது. வாயில் திணித்திருந்த மஞ்சள் துண்டுகளில் போய் நின்றது.

"அடப்பாவி, வயித்துப் பிள்ளைக்கு அன்னாசியா" என்றாள்.

சுந்தர்சிங் எழுந்தான். டையைச் சரி செய்துகொண்டான். "நீங்க நினைக்கிற மாதிரி இல்லைங்க. இதனால கரு கலையும்கிறதெல்லாம் வெறும் நம்பிக்கை. நான் வீக்கத்துக்குத்தான் கொடுத்தேன். வேணும்னா எந்த டாக்டரையும் கேளுங்க" என்றான். அன்றைக்கு அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவன் வாழ்க்கையிலேயே இவ்வளவு உண்மை பேசிய நாள் வேறு இருந்திருக்காது.

கங்கம்மா அவனைப் பார்க்கவே இல்லை. ஞானஜோதியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு டீச்சரம்மா. புள்ளயக் கலைக்கத்தான குடுத்தான்?"

அறையில் இருந்த அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். இல்லை என்பதுதான் நிஜம். "இல்லை, என்னை அடித்தார், அடித்த வீக்கம் தெரியக் கூடாதென்று கொடுத்தார்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை ஞானஜோதி கண்ணால் கண்டவள்போல் அறிவாள். பெருமூச்சு விடுவார்கள். கோபத்தில் அடிப்பது உள்ளதுதான் என்பார்கள். இவனுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் படியிறங்குவார்கள். கதவு சாத்தப்படும். சாத்திய பிறகு இவன் திரும்புவான்.

வாயிலிருந்ததைத் துப்பினாள்.

"ஆமா" என்றாள். "கலைக்கத்தான் கொடுத்தார்."

அவ்வளவுதான். கங்கம்மா எழுந்தபோது, மேஜைமேல் இருந்த சீவாத அன்னாசி கொண்டையோடு அவள் கையில் இருந்தது. அதை வீசி அவன் முகத்தில் அறைந்தாள். முள்தோல் கன்னத்தை வரிவரியாக உரித்தது. "ஜோதி, சொல்லு, உண்மையைச் சொல்லு" என்று கத்தினான். இரண்டாம் அடி மூக்கில் விழுந்தது. செல்லம்மா மூலையிலிருந்த விளக்குமாற்றின் அடிக்கட்டையால் முழங்காலில் போட்டாள். யாரோ டையைப் பிடித்து இழுத்தார்கள். கழுத்து இறுகி அவன் நாய்க்குட்டி மாதிரி நான்கு காலில் வாசல் வரைக்கும் வந்தான். கிளியம்மாள், யாரையும் அதட்டிக்கூடப் பேசாத கிளியம்மாள், ரசம் வழிந்த எவர்சில்வர் தட்டை எடுத்து அவன் பிடரியில் மாறி மாறி அடித்தாள். "சிசுவைக் கொல்றியா, சிசுவைக் கொல்றியா" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டாள். படிக்கட்டில் உருண்டான். கீழே காத்திருந்த ஆண்கள் விஷயம் என்ன என்று கேட்டுக்கொண்டு, கேட்ட பிறகு தர்ம அடி போட்டார்கள். பல் ஒன்று சாக்கடை ஓரத்தில் விழுந்ததைக் கங்கம்மா மேலிருந்து பார்த்து எல்லோருக்கும் சொன்னாள்.

ஞானஜோதி எல்லாவற்றையும் திறந்திருந்த ஒரு கண்ணால் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொன்னோமே என்று மனசாட்சி உறுத்துகிறதா என்று தேடிப் பார்த்தாள். உறுத்தவில்லை.

கைத்தாங்கலாகக் கீழ் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் சாய்த்தார்கள். ஒருத்தி மோர் கொண்டுவந்தாள், ஒருத்தி விசிறினாள். இனி அவன் இந்தப் படியேறட்டும் பார்க்கலாம் என்று கிளியம்மாள் மாடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாகர்கோவில் அண்ணனுக்குத் தந்தி கொடுக்கச் செல்லம்மாவின் புருஷனை அனுப்பினார்கள். என்ன எழுத என்று அவர் கேட்டதற்கு, அன்னாசி கொடுத்துக் குழந்தையைக் கலைக்கப் பார்த்தான் என்று எழுதச் சொன்னார்கள். அதைக் கேட்டால் அண்ணன் அடுத்த ரயிலுக்கே ஏறிவிடுவான் என்று ஞானஜோதிக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு கிளியம்மாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணிலிருந்து இன்னும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஞானஜோதியின் மூடிய கண்மேல் மெதுவாக ஒத்தினாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? கீழேயே இருக்கேனே" என்றாள்.

"சொன்னேனே அக்கா. ஆஸ்பத்திரியில சொன்னேன். அவர் அடிக்கிறார்னு, உதைச்சார்னு சொன்னேன்."

கிளியம்மாள் ஐஸ் துணியை மடித்துப் பிடித்தாள். மறுபடி ஒத்த ஆரம்பித்தாள்.

"அடிக்கிறது வேற விஷயம்மா. அது எந்த வீட்டுல இல்ல? அதை விடு." குரலைத் தாழ்த்தி, பயந்தவள்போல் குனிந்து கேட்டாள். "பழம் உள்ள போச்சா?"

ஞானஜோதி ஐஸ் துணியை அவள் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள்.

"இது இருக்கட்டும் அக்கா, வீக்கம் இறங்கவேண்டாம்" என்றாள். "நாளைக்கு சர்ச்சுக்குப் போகணும்."